பூஜ்யத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஒரு கணினிக்கு அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள் உண்டு. போர்ட் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஒரு நிரல் உள்ளே உட்கார்ந்துகொண்டு, நான் 8117-இல் இருக்கிறேன் என்று சொன்னால், வெளியிலிருந்து வருகிற எவரும் அந்த எண்ணைத் தட்டிப் பேசலாம். ஒரு கதவில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். விதி அவ்வளவே. எங்கள் அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து தலைகீழாக நின்றாலும் இருநூறு கதவுகளுக்கு மேல் வேலை கிடையாது. அப்படியும் எங்களுக்குக் கதவுப் பஞ்சம் இருந்தது. வெளியிலிருந்து வந்த பஞ்சம் இல்லை, சொந்தத் தயாரிப்பு.

தயாரித்தவரை எட்டாயிரத்தார் என்று கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது. அவருடைய பதவிப் பெயர் வேறு. விசிட்டிங் கார்டில் இரண்டு வரி பிடிக்கும். எல்லா அணிகளின் சோதனைகளும் ஒரே கணினியில்தான் ஓடும். அதன் கதவுகளை யார் யார் பயன்படுத்தலாம் என்று அவர் ஒரு பதிவேடு வைத்திருந்தார். 8000 முதல் 8999 வரை ஆயிரம் எண்கள். எண், கேட்டவர், காரணம், ஒப்புதல், திருப்பித் தரும் தேதி என்று ஐந்து பத்திகள். ஐந்தாவது பத்தியை இதுவரை யாரும் நிரப்பியதில்லை. மிச்சமிருக்கும் அறுபத்து நாலாயிரத்தை ஏன் தொடுவதில்லை என்று கேட்டால், எல்லாவற்றையும் இப்போதே செலவு செய்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்பார். எண்கள் தீர்ந்துபோய்த் தெருவில் நின்ற குடும்பங்களை நேரில் பார்த்தவர்போலத்தான் சொல்வார்.

கேட்டால் சுலபத்தில் கிடைக்காது என்று தெரிந்ததால் எல்லோரும் தேவைக்கு மேல் கேட்டார்கள். தேடல் அணிக்கு வேண்டியது ஆறு. வைத்திருந்தது நூற்று இருபது. காரணப் பத்தியில் "எதற்கும் இருக்கட்டும்" என்று எழுதியிருந்தது. ஒப்புதலும் ஆகியிருந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு வேலையை விட்டு, ஊரை விட்டு, கடைசியில் கணினித் தொழிலையே விட்டுக் கோழி வளர்க்கப் போய்விட்ட ஒருவர் பெயரில் இன்னும் முப்பது எண்கள் இருந்தன. அவருக்கு எழுதிக் கேட்காமல் எடுப்பது முறையில்லை என்பார் எட்டாயிரத்தார். எழுதினாரா என்று நாங்கள் கேட்டதில்லை.

மற்றபடி பதிவேட்டில் ஒரே ஒரு குறைதான். கணினி அதைப் படித்ததில்லை.

எங்கள் அணிக்குச் சோதனை எழுத வந்த பெண்ணைப் புதுசு என்று கூப்பிட்டோம். வந்து ஆறு மாதம் ஆகப் போகிறது. பார்சல் எந்த ஊரில் எந்த வண்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டுகிற மென்பொருள் எங்களுடையது. அதற்கு நாற்பத்தொரு சோதனைகள். ஒவ்வொன்றும் ஒரு குட்டி சர்வரைக் கிளப்பி, ஒரு கதவில் உட்கார வைத்து, கேள்வி கேட்டு, பதிலைச் சரிபார்த்து, எழுப்பி அனுப்பிவிடும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் திரையில் பச்சை. நாற்பத்தொன்றில் ஒன்று சொதப்பினாலும் மொத்தமும் சிவப்பு.

பச்சை வருவதும் சிவப்பு வருவதும் மழை மாதிரி, நம் கையில் இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. சிவப்பு வந்தால் இன்னொரு தடவை ஓட்டுவோம். அதுவும் சிவப்பென்றால் எழுந்து போய்க் காபி குடித்துவிட்டு வந்து ஓட்டுவோம். மூன்றாவதோ நான்காவதோ பச்சையானால் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவோம். இதற்குத் தரக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்திருந்தோம்.

புதுசின் தகுதிகாண் காலம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் பிரிவுத் தலைவியான மேடம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: அந்த வெள்ளிக்கிழமைக்குள் இருபது ஓட்டம், தொடர்ந்து, நடுவில் ஒரு சிவப்பு இல்லாமல். வந்தால் பணி நிரந்தரக் கடிதம். வராவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம். மேடம் கெட்டவர் இல்லை. ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியாக வேண்டும். இருபது வாய்க்கு வந்தது.

எங்களில் எவனும் தொடர்ந்து ஐந்து பச்சை பார்த்ததில்லை. அதைச் சொல்லி அவளுடைய ஊக்கத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பெருந்தன்மையாக இருந்துவிட்டோம்.

அவளுக்கு அந்தக் கடிதம் வெறும் வேலைக்காக மட்டும் வேண்டியிருக்கவில்லை. அக்கா வீட்டுக் கூடத்தில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். அக்கா, மாமா, இரண்டு பையன்கள், இவள்; ஐந்து பேருக்கு ஒரு குளியலறை. "இங்க உனக்கு என்னடி குறை?" என்று அக்கா கேட்பாள், காலையில் ஜன்னலைத் திறக்க அவளைத் தாண்டிப் போகும்போது. இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி அறையைப் புதுசு பார்த்து வைத்திருந்தாள். தனி வாசல், தனிக் குளியலறை. வீட்டுக்கார அம்மா தங்கமானவர்தான்; ஆனால் நிரந்தரக் கடிதம் காட்டுகிறவர் கையில்தான் சாவி என்று சொல்லிவிட்டார். அந்த வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலைவரை அறையை வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். பிறகு வேறு ஆள்.

மாமா தினமும் சாப்பிட உட்காரும்போது, "என்னம்மா, பச்சையா சிவப்பா?" என்று கேட்பார். அக்கறைதான். தினசரி இரண்டு வேளை வீதம் கொடுக்கப்படும் அக்கறை உடம்பில் எங்கே போய்த் தங்கும் என்பது சோபா ஓரத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களுக்குத் தெரியும்.

முதல் மூன்று நாள் புதுசு ஒன்றையும் ஓட்டவில்லை. உட்கார்ந்து நிரலைப் படித்தாள். எங்கள் அலுவலகத்தில் படிப்பது சந்தேகத்துக்குரிய காரியம். உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். நான்காம் நாள் கண்டுபிடித்தாள். எங்கள் முன்னோர் யாரோ எழுதிவிட்டுப் போன இருபது வரி. அது எங்கள் அணிக்கு ஒதுக்கிய நாற்பத்தைந்து எண்களில் ஒன்றை எடுக்கும். கதவைத் திறந்து பார்க்கும். திறந்தால் காலி என்று குறித்துக்கொண்டு மூடிவிடும். பிறகு சர்வரை எழுப்பும். சர்வர் சோம்பல் முறித்து வந்து சேர இரண்டு வினாடி. அந்த இரண்டு வினாடியில் அங்கே வேறொரு சோதனை வந்து உட்கார்ந்திருக்கும், சில சமயம் எங்களுடையதே, சில சமயம் பக்கத்து அணியுடையது. பக்கத்து அணிக்காரர்கள் பதிவேட்டை மதித்தார்கள். அவர்கள் எழுதிய நிரல்களுக்கு அந்த மரியாதை தெரியாது. இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று ஒரு வரி வரும். சிவப்பு.

எட்டாயிரத்தாரிடம் போய், புரிகிற மாதிரி சொன்னாள்.

"சார், எங்க மாமா காலையில குளியலறை காலியா இருக்கானு எட்டிப் பாப்பாரு. காலியாத்தான் இருக்கும். துண்டு எடுக்கப் போவாரு. திரும்பி வர்றதுக்குள்ள பெரியவன் உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டிருப்பான். நம்ம டெஸ்டும் அதையேதான் பண்ணுது. பாக்குறது ஒரு நேரம், உக்கார்றது ஒரு நேரம்."

எட்டாயிரத்தார் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"வீட்ல ஒரு பதிவேடு வைங்கம்மா" என்றார்.

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனாலும் அவர் சும்மா இருந்துவிடவில்லை, அதுதான் வினை. கதவுகளில் ஒழுங்கீனம் நடக்கிறது என்று ஒரு புகார் வந்திருக்கிறது, நடவடிக்கை வேண்டாமா? காவலன் என்று ஒரு நிரல் எழுதச் சொன்னார். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அது பதிவேட்டில் உள்ள ஆயிரம் எண்களையும் வரிசையாகத் திறந்து மூடிப் பார்க்கும். காலி என்றால் நீலம், ஆள் இருந்தால் மஞ்சள் என்று பதிவேட்டில் வண்ணம் தீட்டும். திங்கட்கிழமைதோறும் அது ஒரு வட்டப் படமாக மேடத்துக்குப் போகும். மேடத்துக்கு வட்டப் படங்கள் பிடிக்கும்.

காவலன் வந்த நாளிலிருந்து சிவப்பு இரண்டு மடங்காயிற்று. புதுசு நேரங்களைக் குறித்து வைத்துப் பார்த்தாள். பத்து மூன்று, பத்து ஒன்பது, பத்து பதினைந்து. எல்லாம் மூன்றால் வகுபட்டன. சர்வர் உட்காரப் போகிற நொடியில் அந்த நாற்காலி காலியா என்று பார்ப்பதற்காகக் காவலன் அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இதையும் போய்ச் சொன்னாள்.

"பாக்குறது ஒரு தப்பாம்மா?" என்றார் எட்டாயிரத்தார்.

"பாக்குறதுக்காக உக்காந்துடுறீங்க சார்."

"உக்காந்த உடனே எழுந்துடுதே."

"அந்த நேரத்துலதான் சார் நாங்க வர்றோம்."

"அப்ப நீங்க கொஞ்சம் முன்னப் பின்ன வாங்க."

காவலனை நிறுத்த வேண்டுமென்றால் மேடத்தின் அனுமதி வேண்டும். அனுமதிக்குக் காவலனால் கெடுதல் என்று காட்டும் அறிக்கை வேண்டும். அறிக்கைக்கான புள்ளிவிவரத்தைக் காவலனிடமிருந்துதான் எடுக்க வேண்டும். காவலனின் புள்ளிவிவரப்படி காவலனால் ஒரு கெடுதலும் இல்லை.

முதல் வாரம் இப்படிப் போயிற்று. எங்கள் சோதனைகள் தமக்குள்ளாவது மோதிக்கொள்ளாதபடி வரிசைப்படுத்தி ஓட்டியும் அவளுடைய அதிகபட்சம் பதினொன்று. பன்னிரண்டாவது சிவப்பு. விஷயத்தைக் கேள்விப்பட்ட மாமா, பதினொன்றுக்குப் பாதிக் கடிதம் தர மாட்டார்களா என்று கேட்டார்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை, அவள் திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டதைப் பக்கத்து மேசைக்காரன் பார்த்தான். அவனை ஹெட்போன் என்போம். சர்வரை எழுதியவன் அவன்தான். காதில் அந்தக் கருவி இல்லாமல் அவனைப் பார்த்தவர்கள் அலுவலகத்தில் இல்லை. ஒரு பக்கக் காதை மட்டும் திறந்தான்.

"பூஜ்யம் கேளு."

கதவு எண்ணாகப் பூஜ்யத்தைக் கொடுத்தால் அது எண்ணே இல்லை என்று விளக்கினான். கணினியிடம், நீயே பார்த்து ஒன்றைக் கொடு என்று சொல்வதற்கு அதுதான் வழி. கணினி காலியான ஒரு கதவைத் தேடி, அதே நொடியில் நம்மை அதில் உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் எண்ணைச் சொல்லும். மாமா எட்டிப் பார்க்காமல் துண்டோடு நேரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான் இங்கே இருக்கிறேன் என்று குரல் கொடுப்பது மாதிரி. சர்வர் தனக்குக் கிடைத்த எண்ணை ஒரு வரியில் எழுதினால் போதும்; சோதனை அதைப் படித்துக்கொண்டு வந்து சேரும். எண்களும் முப்பதாயிரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும். பதிவேடும் காவலனும் எட்டிப் பார்க்காத பேட்டை.

"உனக்கு இது எப்பத் தெரியும்?" என்றாள் புதுசு.

"மூணு வருஷமா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கலையே" என்று காதை மூடிக்கொண்டான்.

இந்த இடத்தில் புதுசு ஒரு தவறு செய்தாள். நேர்மையாக வளர்க்கப்பட்டவர்கள் செய்கிற தவறு. அனுமதி கேட்டாள்.

எட்டாயிரத்தார் பதிவேட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினார். பூஜ்யம் இல்லை. இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று கேட்டார். யார் கையிலும் இல்லை, அது எண்ணே இல்லை என்றாள் அவள். எண் இல்லாத ஒன்றுக்கு எண் பத்தியில் என்ன போடுவது என்று அவர் கொஞ்ச நேரம் உண்மையாகவே கவலைப்பட்டார். பிறகு 8000-க்கு மேலே புதிதாக ஒரு வரி சேர்த்தார். காவலனுக்கும் தகவல் கொடுத்தார். காவலன் போய்ப் பூஜ்யத்தைத் திறந்து பார்த்தான். காலி. மூன்று நிமிடம் கழித்துப் பார்த்தான். காலி. பூஜ்யத்தை எப்போது கேட்டாலும் கணினி ஏதாவது ஒரு கதவைத் திறந்துதானே விடும்; ஆகவே அன்று முழுக்க நீலம். எட்டாயிரத்தார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தே பார்த்தார். இவ்வளவு ஒழுக்கமான எண்ணைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று இரண்டு பேரிடம் சொன்னார். அந்த இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பேரிடம் சொன்னார்கள். எப்போது பார்த்தாலும் காலியாக இருக்கிற கதவு ஒன்று வந்திருக்கிறதாம் என்று செய்தி பரவியது.

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் பூஜ்யத்துக்கு ஏழு விண்ணப்பங்கள். அதில் தேடல் அணியுடையதில் காரணம், எதற்கும் இருக்கட்டும்.

புதன்கிழமை கூட்டம். தேடல் அணியின் தலைவர், அலுவலகத்திலேயே மூத்த அணி தங்களுடையது என்பதால் பூஜ்யம் தங்களுக்கே சேர வேண்டும் என்றார். அறிக்கை அணியின் தலைவி, மூப்பு பார்த்தால் கோழிக்காரருக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். அரை மணி நேரம் போயிற்று. புதுசு கை தூக்கி, பூஜ்யத்தை எல்லோருமே ஒரே சமயத்தில் பயன்படுத்தலாம், யாருக்கும் யாரும் இடைஞ்சல் இல்லை என்றாள்.

அந்த மேசையைச் சுற்றி அதைவிடக் கெட்ட வார்த்தை பேசப்பட்டதில்லை.

"எல்லாருக்கும் குடுக்குறதுனா, அதை ஒதுக்குறதுனு எப்படிம்மா சொல்ல முடியும்?" என்றார் எட்டாயிரத்தார். கோபமாக இல்லை. மனசு விட்டுப்போய்த்தான் கேட்டார்.

மாலையில் முடிவு மின்னஞ்சலில் வந்தது. பூஜ்யம் நாள் வாரியாகப் பகிர்ந்தளிக்கப்படும். திங்கள், புதன், வெள்ளி தேடல் அணிக்கு. செவ்வாய், வியாழன் அறிக்கை அணிக்கு. பார்சல் அணியின் கோரிக்கையும் பரிவோடு ஏற்கப்பட்டுச் சனிக்கிழமை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சனிக்கிழமை எங்களுக்கு விடுமுறை, கட்டடத்தையே பூட்டிவிடுவார்கள்.

வியாழக்கிழமை பழைய வழியிலேயே ஓட்டினாள். ஆறாவது சிவப்பு. மறுபடி ஒன்றிலிருந்து. மூன்றாவது சிவப்பு. மறுபடி ஒன்றிலிருந்து. சாயங்காலம் வீட்டுக்காரம்மா போன் செய்து, இன்னொரு பெண் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனதாகவும், தான் சொன்ன சொல் தவறமாட்டேன் என்றும், ஆனால் சனிக்கிழமை காலை என்றால் காலை என்றும் சொன்னார். அன்று சாப்பிடும்போது மாமா பச்சையா சிவப்பா என்று கேட்கவில்லை. தட்டைப் பார்த்தபடி, கூடத்து ஃபேன் சத்தம் போடுகிறதா, ஆள் வைத்துச் சரி செய்துவிடலாமா என்று கேட்டார். அவர் மனசுக்குள் எதை முடிவு செய்துவிட்டார் என்பது புதுசுக்குப் புரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அவள் முன்னோரின் இருபது வரியையும் அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டாள். ஹெட்போனின் தோளைத் தட்டி, சர்வரில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். கேட்டாள் அல்லவா, சேர்த்துக் கொடுத்தான். ஒரு ஓட்டத்துக்குப் பதினெட்டு நிமிடம். பச்சை. பச்சை. நாங்கள் ஆறாவதுவரை வேலை செய்வதுபோல் நடித்தோம். ஏழாவதிலிருந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பார்த்தோம்.

பதினோரு மணி வாக்கில் எட்டாயிரத்தார் பதிவேட்டில் ஒரு விபரீதத்தைக் கண்டார். பார்சல் அணியின் நாற்பத்தைந்து எண்களும் காலையிலிருந்து நீலம். எந்த அணியும் இத்தனை ஒழுங்காக இருந்ததாகச் சரித்திரமில்லை. ஆகவே குற்றம் நடந்திருக்கிறது. சோதனைகள் ஓடவில்லையென்றால் பச்சை எப்படி வருகிறது? ஓடுகிறதென்றால் எங்கே உட்காருகிறார்கள்? எந்தப் பதிலும் அவருக்கு நல்லதாகப் படவில்லை. மேடத்தைத் தேடிப் போனார். மேடம் இரண்டரைவரை வேறு கூட்டத்தில். அவர் திரும்பி வரும்போது எங்கள் திரையில் இருபதாவது பச்சை விழுந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

மேடத்தின் கண்ணாடி அறைக்கு இருவரும் அழைக்கப்பட்டார்கள். கதவு பாதி திறந்திருந்ததால் நாங்களும் அழைக்கப்பட்டதாக எடுத்துக்கொண்டோம்.

"இருபது வந்துதா?" என்றார் மேடம்.

"வந்துது மேடம்."

"அப்புறம் என்ன பிரச்சனை?"

"மேடம், இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றார் எட்டாயிரத்தார். "பூஜ்யம் இன்னைக்கு தேடல் அணியோடது. இந்தப் பொண்ணு எடுத்திருக்கு. இருபது ஓட்டமும் பதிவில்லாத எண்கள்ல ஓடியிருக்கு. இதைக் கணக்குல சேத்துக்க முடியாது."

தேடல் அணிக்கு இன்று ஏதாவது நின்றுபோனதா என்று மேடம் விசாரித்தார். ஒன்றும் நிற்கவில்லை, அவர்கள் பூஜ்யத்தை வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், இன்னும் பயன்படுத்த ஆரம்பிக்கவில்லை என்றார் எட்டாயிரத்தார். புதுசு தான் செய்ததை மறைக்கவில்லை. நாற்பத்தொரு சோதனை, இருபது ஓட்டம். கணினி கொடுத்த எண்ணூற்று இருபது எண்களும் தன்னிடம் வரி வரியாக எழுதியிருக்கின்றன என்றாள். மேடத்துக்குப் போர்ட் தெரியாது. ஆனால் கோப்பு தெரியும். எழுதியிருக்கிறது என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்த எண்ணூத்தி இருபதையும் விண்ணப்பமாப் போட்டுடு. சார் ஒப்புதல் குடுக்கட்டும். பதிவு ஆயிடும்ல? ஆறு மணிக்குள்ள முடிஞ்சா கடிதம் தர்றேன்."

எட்டாயிரத்தார் முகம் மலர்ந்தது. விண்ணப்பப் படிவத்தில் பத்தொன்பது கட்டங்கள். ஒன்றை நிரப்பவே நான்கு நிமிடம். எண்ணூற்று இருபது முடிய அடுத்த வாரம் முழுக்கப் போதாது. திரும்பிப் போகும்போது புதுசைப் பார்த்து, மெதுவா தப்பில்லாமப் போடும்மா என்று வாழ்த்துகூடச் சொன்னார். பாவம், கணினியை வைத்துப் படிவங்களை நிரப்பி நிரப்பித் தட்டிப் பார்ப்பதுதான் சோதனைக்காரர்கள் சாப்பிடுகிற சோறு என்பது அவருக்கு அந்த நேரத்தில் நினைவில்லை.

பன்னிரண்டு வரியில் ஒரு நிரல். மூன்றேகால் மணிக்கு எண்ணூற்று இருபது விண்ணப்பங்கள், ஒரு கட்டம்கூடத் தப்பில்லாமல், எட்டாயிரத்தாரின் பெட்டியில் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. அவருடைய கணினி ஒருமுறை விக்கிக்கொண்டது.

இனி அவர் முறை. விண்ணப்பத்தைத் திறக்க வேண்டும், மூன்று கட்டங்களில் டிக் போட வேண்டும், ஒப்புதலை அழுத்த வேண்டும். ஒன்றுக்குப் பதினைந்து வினாடி. மொத்தமாக ஒப்புதல் கொடுக்க ஒரு பொத்தான் வைத்துத் தருகிறோம் என்று போன வருஷம் சொன்னபோது, ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் பரிசீலிப்பதுதான் முறை என்று மறுத்தவர் அவர். நிராகரித்துவிடலாம்தான், ஆனால் நிராகரித்தால் ஐம்பது எழுத்துக்குக் குறையாமல் காரணம் எழுத வேண்டும், அதுவும் அவர் வைத்த விதி. வாரக் கடைசியில் ஒரு விண்ணப்பமும் தேங்கி நிற்காது என்பது அவர் எல்லா மேடையிலும் சொல்லிக்கொள்ளும் பெருமை. ஆகவே சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

புதுசு எதிர் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் காபிக் கோப்பையோடு அந்தப் பக்கமாக அடிக்கடி போய்வர வேண்டிய வேலைகள் இருந்தன. நாலரைக்கு எட்டாயிரத்தார் விரலை உதறிக்கொண்டார். ஐந்து மணிக்குச் சுட்டெலியை இடது கைக்கு மாற்றினார். ஐந்தேகாலுக்கு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்தப் பூஜ்யம்... நெசமாவே எல்லாருக்கும் ஒரே நேரத்துல கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்."

"சண்டை வராதா?"

"வராது சார்."

"அப்ப பதிவேடு எதுக்கு?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தார்.

ஆறு மணிக்கு மேடம் கைப்பையோடு வெளியே வந்தார். எவ்வளவு பாக்கி என்று கேட்டார். நூற்று அறுபது என்றார் எட்டாயிரத்தார். அதை ஒரு தற்கொலைக் கடிதம் வாசிக்கிற குரலில் சொன்னார் என்று எங்களில் ஒருவன் பிற்பாடு சொன்னான். மிகை, ஆனால் பெரிய மிகை இல்லை. புதுசு நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். நூற்று அறுபது என்றால் இன்னும் நாற்பது நிமிடம். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கீழே கார் வந்து நின்று ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து, ஹெட்போனின் மேசைத் தடுப்புமேல் வைத்து, நின்றபடியே கையெழுத்துப் போட்டு, அவளிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை கொஞ்சம் சீக்கிரம் வந்துடு" என்று சொல்லிவிட்டு லிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

நிரந்தரம் ஆவதற்கு நான்கு வினாடி பிடித்தது.

புதுசு கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள். எடுத்து இன்னொரு தடவை படித்தாள். வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, கடிதம் கையில் இருக்கிறது, காலையில் எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்று சொன்னாள். பிறகு விளக்குகளை அணைத்துக்கொண்டே நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினோம்.

எட்டாயிரத்தார் மூன்று டிக், ஒரு அழுத்தல், மூன்று டிக், ஒரு அழுத்தல் என்று போய்க்கொண்டிருந்தார். இனி வேண்டாம் என்று மேடம் அவரிடம் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. கடைசியாகக் கிளம்பிய புதுசு வாசலில் நின்று ஒரு நிமிடம் அவரைப் பார்த்தாள். அப்புறம், அவருடைய வேலை கெடக்கூடாது என்று, கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.